நிறுவிய எழுத்துரு பட்டியலில் வரவில்லையா? அடைப்பு எங்கே என்று பாருங்கள்

தை பிறந்துவிட்டால் கும்பகோணத்தில் அச்சகம் வைத்திருப்பவனுக்கு இரவு என்று ஒன்று கிடையாது. ஒரு பக்கம் கல்யாணப் பத்திரிகை, இன்னொரு பக்கம் கும்பாபிஷேக அழைப்பிதழ், நடுவில் காதணி விழா பிளெக்ஸ். அப்படி ஓர் இரவில் பக்கத்துக் கிராமத்துக் கோயிலின் தர்மகர்த்தா ஒரு பென் டிரைவை நீட்டினார். "போன தடவை பத்திரிகையில் இருந்த அதே எழுத்துதான் வேண்டும் தம்பி. எழுத்தையும் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்."

நிறுவினேன். கணினி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. கோரல்டிரா என்ற வடிவமைப்புச் செயலியைத் திறந்தால் எழுத்துருப் பட்டியலில் அது இல்லை. நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன், இல்லை. கணினியை அணைத்துப் போட்டேன்; இல்லை. தர்மகர்த்தா இரண்டாவது டீயையும் குடித்து முடித்தார். கடைசியில் பார்த்தால், முக்கால் மணி நேரமாக அது பட்டியலில் என் கண்ணெதிரேதான் இருந்திருக்கிறது, வேறு பெயரில்.

காரணம் தெரியாமல் மறுபடி மறுபடி நிறுவும் பழக்கத்தை அன்றோடு விட்டொழித்தேன். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணை திறந்தாயிற்று என்று செய்தி வந்த உடனே கடைமடையில் நாற்று விட்டுவிட முடியுமா? தண்ணீர் கல்லணை தாண்டி, ஆறு ஆறாகப் பிரிந்து, வாய்க்காலில் இறங்கி, மதகு தாண்டி வர வேண்டும். நடுவில் எங்கே அடைத்திருந்தாலும் வயல் காய்ந்துதான் கிடக்கும். அதற்காக மேட்டூரை மூடி மறுபடி திறப்பாரில்லை. எழுத்துருவும் கோப்பு, விண்டோஸின் பதிவேடு, செயலி தனக்கென்று வைத்திருக்கும் பட்டியல் என்று மூன்று மதகுகளைத் தாண்டித்தான் மெனுவுக்கு வருகிறது.

முதலில் ஒரு கேள்வி

எழுத்துரு எல்லாச் செயலியிலும் இல்லையா, ஒரு செயலியில் மட்டும் இல்லையா? இதற்குப் பதில் தெரியாமல் எதிலும் கை வைக்காதீர்கள்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், ஃபான்ட்ஸ் என்று போனால் கணினி அறிந்த எல்லா எழுத்துருக்களும் வரிசையாக நிற்கும். அங்கேயே இல்லை என்றால் கோளாறு கோப்பிலோ நிறுவிய விதத்திலோ இருக்கிறது. அங்கே இருந்து, வேர்டிலும் இருந்து, போட்டோஷாப்பில் மட்டும் இல்லை என்றால் குற்றம் போட்டோஷாப்பின் பக்கம். எல்லா இடத்திலும் இருக்கிறது, ஆனால் எழுத்து கட்டம் கட்டமாக வருகிறது என்றால் அது வேறு நோய்; கடைசியில் பார்ப்போம்.

இன்னொன்று, சொல்லவே கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எழுத்துருவை நிறுவும்போது செயலி திறந்திருந்ததா? பல செயலிகள் தொடங்கும்போது ஒரு முறைதான் பட்டியலைப் படிக்கும். எல்லாச் சாளரங்களையும் மூடிவிட்டுத் திறங்கள். லிப்ரே ஆபீஸ் போன்றவை திரையின் மூலையில் சிறு படமாக உட்கார்ந்து விழித்தே இருக்கும். அதையும் மூட வேண்டும்.

கோப்பின் பெயர் வேறு, எழுத்துருவின் பெயர் வேறு

என்னை முக்கால் மணி நேரம் அலைக்கழித்தது இதுதான். டெஸ்க்டாப்பில் நாம் பார்ப்பது கோப்பின் பெயர். மெனுவில் வருவது கோப்புக்கு உள்ளே பொறித்திருக்கும் பெயர். வெளிப்பெயரை மாற்றினால் உள்பெயர் மாறாது. மயிலாடுதுறையிலிருந்து பட்டுக்கோட்டை வரை ஒரே எழுத்துருத் தொகுப்பு பென் டிரைவ் பென் டிரைவாகக் கை மாறிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு கடைக்காரரும் தனக்குப் புரிகிற மாதிரி "கோயில்", "தலைப்பு", "புதுசு" என்று பெயர் மாற்றி வைத்திருப்பார். மெனுவில் "கோயில்" என்று தேடினால் எப்படிக் கிடைக்கும்?

கோப்பை இரட்டைச் சொடுக்கினால் மாதிரி எழுத்துகளோடு ஒரு சாளரம் திறக்கும். அதன் மேல்பகுதியில் இருப்பதே உண்மையான பெயர். அதைத் தாளில் குறித்துக்கொண்டு பட்டியலில் தேடுங்கள். தமிழ் எழுத்திலேயே பெயர் வைத்த எழுத்துருக்கள் ஆங்கில அகரவரிசை முழுவதும் முடிந்த பிறகு அடியில் கிடக்கும். அவ்வளவு தூரம் யாரும் உருட்டிப் பார்ப்பதில்லை.

இதே காரணத்தால் எதிர்க்கோளாறும் வரும். வெவ்வேறு கோப்புகள் இரண்டு, உள்ளே பெயர் மட்டும் ஒன்று. இரண்டாவதை நிறுவும்போது "ஏற்கெனவே இருக்கிறது, மாற்றட்டுமா?" என்று விண்டோஸ் கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புதியதைத் தேடிக்கொண்டிருப்போம். சரி என்று சொன்னால் பழையது போய்விடும். பழைய வேலைகளின் வடிவம் குலையும். இரண்டும் வேண்டுமென்றால் ஃபான்ட்ஃபோர்ஜ் என்ற இலவசச் செயலியில் ஒன்றின் உள்பெயரை மாற்றிக்கொள்ளலாம். எழுத்துருவின் உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

குடும்பப் பெயரும் குழப்பும். வேர்டு போன்ற செயலிகள் ஒரு குடும்பத்தில் சாதாரணம், தடிமன், சாய்வு, தடிமன் சாய்வு என்று நான்கு பேரைத்தான் சேர்க்கும். மெல்லியது, மிகத் தடித்தது எல்லாம் தனிக்குடித்தனம். "முக்தா மலர்" ஓர் இடத்தில், "முக்தா மலர் லைட்" அதற்கடுத்து வேறொரு பெயராக நிற்கும். அடோபியின் பக்க வடிவமைப்புச் செயலியான இன்டிசைனில் அத்தனையும் ஒரே பெயரின் கீழ் துணைப் பட்டியலாக அடங்கிவிடும். தனிப்பெயராகத் தேடினால் அங்கே கிடைக்காது.

கோப்பே சரியில்லாதபோது

பதிவிறக்கிய ஜிப் கோப்பைப் பிரிக்காமல், உள்ளே எட்டிப் பார்த்தபடியே நிறுவாதீர்கள். முதலில் வெளியே எடுத்துவிடுங்கள். இணையதளத்துக்கென்று செய்த டபிள்யூ.ஓ.எஃப்.எஃப். வகைக் கோப்பை விண்டோஸில் நிறுவவே முடியாது. டி.டி.எஃப். அல்லது ஓ.டி.எஃப். வேண்டும்.

கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து நோட்டோ சான்ஸ் தமிழ், அனேக் தமிழ், கேட்டமரான் போன்றவற்றை இறக்கினால் ஒரு பெரிய கோப்பும், ஸ்டாட்டிக் என்றொரு ஃபோல்டரும் சேர்ந்து வரும். அந்தப் பெரிய கோப்பு வேரியபிள் வகை. மெலிவிலிருந்து தடிமன்வரை எல்லாம் ஒன்றுக்குள்ளேயே இருக்கும். அதைப் புரிந்துகொள்ளாத பழைய செயலிகள் ஒரே ஒரு தடிமனை மட்டும் காட்டும். ஸ்டாட்டிக் ஃபோல்டரில் இருக்கும் தனித்தனிக் கோப்புகளை நிறுவுங்கள். இரண்டையும் சேர்த்து நிறுவிவிடாதீர்கள், பெயர்கள் முட்டிக்கொள்ளும்.

இருபது வருடத்துக்கு முந்தைய சிடி வைத்திருப்பவர்களுக்குத் தனிச் செய்தி. அதில் பி.எஃப்.பி., பி.எஃப்.எம். என்று ஜோடியாகக் கோப்புகள் இருந்தால் அவை டைப் 1 எழுத்துருக்கள். மைக்ரோசாப்ட் ஆபீஸ் 2013 பதிப்பிலேயே இவற்றைக் கைவிட்டது. அடோபி நிறுவனம் 2023 ஜனவரியில் ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் பட்டியலில் கம்பீரமாக இருக்கும். புதிய இன்டிசைனில் தலைகாட்டாது. எத்தனை முறை நிறுவினாலும் இதற்கு மருந்து கிடையாது. அதே எழுத்துருவின் ஓ.டி.எஃப். வடிவத்தைத் தேடுவதுதான் வழி.

பென் டிரைவிலிருந்தே நிறுவுவோருக்கு ஒரு கண்ணி இருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் ஃபான்ட்ஸ், ஃபான்ட் செட்டிங்ஸ் என்ற இடத்தில், குறுக்குவழியாக நிறுவ அனுமதிக்கும் ஒரு விருப்பம் உண்டு. அதன்படி நிறுவினால் எழுத்துரு பென் டிரைவிலேயே இருக்கும். கணினியில் அதற்கு ஒரு சுட்டு மட்டும். வாடிக்கையாளர் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறியதும் எழுத்துருவும் கூடவே போய்விடும். எப்போதும் கோப்பைக் கணினிக்கு நகலெடுத்துக்கொண்டு பிறகு நிறுவுங்கள்.

பகலில் இருக்கும் எழுத்துரு இரவில் இல்லை

எனக்கு வரும் புகார்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

என் கடையில் இரவு வேலை பார்க்கும் பையன் ஒரு வாரம் தொடர்ந்து சொன்னான்: "அண்ணா, நீங்கள் போட்ட எழுத்துரு என்னிடம் வரவில்லை." நான் பகலில் பார்த்தால் இருக்கிறது. ஒரே கணினி, ஒரே செயலி. பையன் தூக்கத்தில் பார்க்கிறான் என்றுகூட நினைத்தேன். அவன் தனிக் கணக்கில் நுழைகிறான் என்பதுதான் விஷயம்.

முன்பெல்லாம் விண்டோஸில் எழுத்துரு நிறுவினால் அது சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் என்ற பொது இடத்துக்குப் போகும். அதற்கு நிர்வாகி உரிமை வேண்டும். விண்டோஸ் 10இன் 1809 என்ற பதிப்பில் இது மாறியது. 2018 நவம்பரில் கஜா புயல் நம்மைப் புரட்டிப் போட்டதே, அதே சமயத்தில் உலகம் முழுவதும் போய்க்கொண்டிருந்த பதிப்பு அது. அதிலிருந்து, வெறுமனே "இன்ஸ்டால்" என்று அழுத்தினால் எழுத்துரு அந்தப் பயனரின் சொந்த ஃபோல்டருக்குள், ஆப்டேட்டாவின் ஆழத்தில் எங்கோ, போய் உட்காருகிறது. இதில் இரண்டு தொல்லைகள். ஒன்று, வேறு கணக்கில் நுழைபவருக்கு அது கிடையாது. இரண்டு, பழைய செயலிகள் பலவும் பொது ஃபான்ட்ஸ் ஃபோல்டரை மட்டுமே தேடும். உங்கள் சொந்தக் கணக்கிலேயே வேர்டில் வரும், பழைய வடிவமைப்புச் செயலியில் வராது.

கண்டுபிடிப்பது எப்படி? செட்டிங்ஸில் அந்த எழுத்துருவைத் தொட்டால் அதன் விவரங்களில் கோப்பு இருக்கும் பாதை தெரியும். அது யூசர்ஸ் என்று தொடங்கிப் போனால் தனிநபர் நிறுவல். கண்ட்ரோல் பேனலின் ஃபான்ட்ஸ் சாளரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்; அது இரண்டையும் கலந்தே காட்டும்.

சரிசெய்ய, முதலில் அதே இடத்தில் எழுத்துருவை நீக்குங்கள். பிறகு மூலக் கோப்பின்மேல் வலது சொடுக்கி, "இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11இல் அது முதல் பட்டியலில் தெரியாவிட்டால் "ஷோ மோர் ஆப்ஷன்ஸ்" என்பதை அழுத்தினால் வரும். நிர்வாகிக் கடவுச்சொல் கேட்கும். அலுவலகக் கணினியாக இருந்து, அங்கே பொது இடத்துக்கு வெளியே உள்ள எழுத்துருக்களைத் தடுக்கும் கொள்கை போட்டிருந்தால், கணினிப் பொறுப்பாளரைத்தான் பார்க்க வேண்டும். இந்த ஒரு சொடுக்கை என் கடையில் எல்லோருக்கும் சட்டமாகவே ஆக்கிவிட்டேன்.

லதா எங்கே போனாள்?

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் தமிழ் என்றால் லதா. விண்டோஸ் 7இல் விஜயா சேர்ந்தது. விண்டோஸ் 8இலிருந்து நிர்மலா யு.ஐ. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. புதுக் கணினி வாங்கிப் பழைய கூட்டுறவுச் சங்க அறிக்கையைத் திறந்தால் லதாவும் இல்லை, விஜயாவும் இல்லை. யாரும் அழிக்கவில்லை. விண்டோஸ் 10 முதல் இவை இரண்டும் "தமிழ் சப்ளிமெண்டல் ஃபான்ட்ஸ்" என்ற விருப்பத் தொகுப்புக்குப் போய்விட்டன. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்ற பகுதியைத் தேடி அந்தத் தொகுப்பைச் சேர்த்தால் இரண்டும் திரும்பிவிடும். கண்ட தளத்திலிருந்து லதாவைப் பதிவிறக்கத் தேவையே இல்லை.

முன்னே சொன்ன ஃபான்ட் செட்டிங்ஸ் பக்கத்தில், மொழி அமைப்பைப் பொறுத்து எழுத்துருக்களை மறைக்கும் விருப்பமும் இருக்கிறது. கணினியின் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லையென்றால், தமிழ் எழுத்துருக்கள் தேவையில்லை என்று விண்டோஸ் தானே முடிவுசெய்து, பெயிண்ட் போன்ற செயலிகளில் மறைத்துவிடலாம். ஃபான்ட்ஸ் சாளரத்தில் மங்கலாகத் தெரிபவை மறைக்கப்பட்டவை. வலது சொடுக்கி "ஷோ" கொடுங்கள், அல்லது அந்த டிக்கையே எடுத்துவிடுங்கள்.

மின்வெட்டு விட்டுப்போன குப்பை

எழுத்துருக்களை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து படிக்காமல் இருக்க விண்டோஸ் ஒரு சேமிப்புக் கோப்பு வைத்துக்கொள்கிறது. ஐப்பசி மழையில் மின்சாரம் போய்ப் போய் வரும்போது, யு.பி.எஸ். பேட்டரியும் செத்திருந்தால், அது பாதியில் கெட்டுப்போகலாம். அப்போது எழுத்துரு ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது.

சரிசெய்ய: ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, "விண்டோஸ் ஃபான்ட் கேஷ் சர்வீஸ்" என்பதை நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சர்வீஸ்புரொஃபைல்ஸ், லோக்கல்சர்வீஸ், ஆப்டேட்டா, லோக்கல், ஃபான்ட்கேஷ் என்று வரிசையாக இறங்கி, உள்ளே இருக்கும் கோப்புகளை அழியுங்கள். சிஸ்டம்32 ஃபோல்டரில் எஃப்.என்.டி.கேஷ் என்ற ஒரு டி.ஏ.டி. வகைக் கோப்பு இருந்தால் அதையும் அழிக்கலாம். பக்கத்தில் இருக்கும் வேறு எதையும் தொடாதீர்கள். பிறகு கணினியை மறுதொடக்கம் செய்தால் சேமிப்புகள் புதிதாக உருவாகும். அழிக்க விடாமல் சேவை தானே மறுபடி ஓடத் தொடங்கினால் சேஃப் மோடில் போய்ச் செய்யுங்கள்.

அடோபி செயலிகள் தங்களுக்கென்று தனிச் சேமிப்பு வைத்திருக்கின்றன. அடோபிஎஃப்என்டி என்று பெயர் தொடங்கும் எல்.எஸ்.டி. கோப்புகளைத் தேடி அழித்துவிட்டுச் செயலியைத் திறந்தால் அவை மீண்டும் உருவாகும்.

செயலிகளின் குணங்கள்

பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்புச் செயலியை இன்னும் ஓட்டுபவர்கள் நம் பக்கத்தில் குறைவில்லை. குறை சொல்லவும் மாட்டேன், நானும் நேற்றுவரை ஓட்டியவன். அதன் 7.0 பதிப்பு வந்தது 2001இல். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் பொதுத் தரமான யூனிகோடு அதற்குத் தெரியாது. யூனிகோடு எழுத்துரு மெனுவில் வந்தாலும், தமிழை ஒட்டினால் கேள்விக்குறிகள்தான் வரிசையாக விழும். எழுத்துருவைத் திட்டிப் பயனில்லை.

கேன்வா, கூகுள் டாக்ஸ் போன்றவை உலாவியில் ஓடுபவை. கணினியில் நிறுவியது அங்கே வராது. கூகுள் டாக்ஸில் "மோர் ஃபான்ட்ஸ்" வழியாகத் தேட வேண்டும். கேன்வாவில் சொந்த எழுத்துருவை ஏற்றக் கட்டணக் கணக்கு வேண்டும்.

மேக் கணினியில் ஃபான்ட் புக்கைத் திறந்து, எழுத்துருவைச் சரிபார்க்கச் சொன்னால் கோப்பின் கோளாறும் இரட்டிப்பும் தெரிந்துவிடும். லினக்ஸில் உங்கள் வீட்டு ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் லோக்கல், அதற்குள் ஷேர், ஃபான்ட்ஸ் என்ற இடத்தில் கோப்பைப் போட்டு, முனையத்தில் எஃப்சி-கேஷ் கட்டளையை ஓட்டுங்கள். எஃப்சி-லிஸ்ட் கட்டளை கணினி அறிந்த எழுத்துருக்களைப் பட்டியலிடும். அதில் இருந்தும் ஒரு செயலியில் மட்டும் வரவில்லையென்றால், அந்தச் செயலி ஸ்னாப் தொகுப்பாக வந்ததா என்று பாருங்கள். அப்படி வந்தவை கணினியின் மற்றப் பகுதிகளிலிருந்து பிரிந்து வேலிக்குள் வாழ்பவை.

பெயர் வந்துவிட்டது, எழுத்து வரவில்லை

மெனுவில் பெயர் தெரிவதாலேயே எழுத்துரு இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. வேறொருவர் செய்த ஆவணத்தைத் திறந்தால், உங்களிடம் இல்லாத எழுத்துருவின் பெயரையும் வேர்டு காட்டும். லிப்ரே ஆபீஸ் இந்த விஷயத்தில் நேர்மையானது. இல்லாததன் பெயரைச் சாய்வெழுத்தில் காட்டும்.

எழுத்துரு உண்மையிலேயே இருந்தும், தேர்ந்தெடுத்தால் தமிழ் மாறவில்லையா? வேர்டில் ஃபான்ட் பெட்டியைத் திறந்து "காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்" என்ற தனி இடத்தைப் பாருங்கள். யூனிகோடு தமிழுக்கு எழுத்துரு அங்கிருந்து வருகிறது. மேலே ஆங்கிலத்துக்கானதை எத்தனை முறை மாற்றினாலும் தமிழ் அசையாமல் நிற்கலாம். லிப்ரே ஆபீஸிலும் மொழி அமைப்புகளில் "காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்" என்பதை இயக்கினால் இதே போன்ற தனி இடம் திறக்கும். இன்டிசைனில் கொம்பும் காலும் இடம் மாறி நின்றால் பத்தி அமைப்பில் "வேர்ல்டு-ரெடி" கம்போசரைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது குறியேற்றம், அதாவது எந்த எழுத்தைக் கணினி எந்தக் குறியாகச் சேமிக்கிறது என்பது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் "அம்மா" என்பது, எழுத்துருவைக் கழற்றிப் பார்த்தால், ஆங்கிலத்து எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச். அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ்ச் சட்டை போட்டுவிட்டதுதான் பாமினி. சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தாம், தாப் என்ற குறியேற்றத் தரங்கள் வந்தன. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமாக ஏற்றது. பழைய குறியேற்றத்தில் அடித்ததற்கு யூனிகோடு எழுத்துருவைப் போட்டால் ஆங்கிலக் குப்பைதான் தெரியும். யூனிகோடில் அடித்ததற்குப் பாமினியைப் போட்டால் கட்டங்கள் வரும், அல்லது செயலி சத்தமில்லாமல் வேறொரு எழுத்துருவை மாட்டிவிடும். முதலில் உரையைக் குறியேற்ற மாற்றியில் போட்டு மாற்றுங்கள். பிறகு எழுத்துருவைத் தேடுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. இருபது மா ஒரு வேலி என்று இன்றும் கணக்குச் சொல்லும் மண் இது. பழைய நிலப் பத்திரத்தில் இருக்கும் குழி, வேலி, நெல் போன்ற குறியீடுகளும் முந்திரி போன்ற பின்னங்களும் 2019இல் வந்த யூனிகோடு 12.0இல்தான் இடம்பெற்றன. நோட்டோ சான்ஸ் தமிழை நிறுவிவிட்டு அவற்றைத் தேடினால் கிடைக்காது. "நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமெண்ட்" என்ற தனி எழுத்துருவில் அவை இருக்கின்றன. பட்டியலிலும் அது தனிப்பெயராகவே நிற்கும்.

இத்தனை பாடுபட்டு எழுத்துருவைக் கண்டுபிடித்து வடிவமைத்த கோப்பை அப்படியே ஆஃப்செட்டுக்கு அனுப்பினால், அங்கே இருக்கும் கணினியில் முதல் மதகிலிருந்து எல்லாம் மறுபடி தொடங்கும். எழுத்துருவை உட்பொதித்த பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள். கோரல்டிராவாக இருந்தால் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோலும் க்யூவும் சேர்த்து அழுத்தி வளைவுகளாக மாற்றிவிடுங்கள்; அதன்பின் எழுத்துருவே தேவையில்லை. மாற்றும் முன் மூலக் கோப்பைத் தனியாகச் சேமித்தாக வேண்டும். வளைவான எழுத்தில் ஒரு புள்ளியைக்கூடத் திருத்தி அடிக்க முடியாது. உபயதாரர் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போயிற்று என்று தர்மகர்த்தா மறுநாள் காலை ஆறு மணிக்கே தொலைபேசியில் அழைப்பார்.